நான் ஊதாத விசில்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிறவன் நான், இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் எங்கள் ஹாக்கி கிளப்பின் சரித்திரத்தைப் புஸ்தகமாகப் போட்டிருக்கிறார்களே, அதில் "நம் அம்பயரின் தவறான விசிலால் கோப்பை போயிற்று" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த அம்பயர் நான். விசிலை நான் ஊதவில்லை. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள்.

யுத்தம் ஆரம்பிப்பதற்கு முந்தைய மழைக்காலம். திருவனந்தபுரத்து ஆபீஸ் குமாஸ்தாக்கள் சேர்ந்து நடத்திய கிளப் எங்களுடையது. அந்த நாளில் ஹாக்கிக்கு இரண்டு அம்பயர், ஆளுக்குப் பாதி மைதானம். ஒரு பாதிக்கு நான், மற்ற பாதிக்கு என் ஆபீஸ் சிநேகிதன் வைத்தா. இறுதி ஆட்டத்தன்று அவன் அப்பாவுக்குத் திவசம், அதனால் வரவில்லை. எதிர் டீம் பட்டாளத்துக்காரர்கள். "நீங்களே இரண்டு பாதியையும் பாருங்கள், எங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது" என்றார்கள். என் நேர்மைக்கு அவ்வளவு பேர் இருந்தது ஐயா, சும்மா இல்லை.

கோலுக்கு முன்னால் அரைவட்டமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கும், அதற்குள்ளிருந்து அடித்தால்தான் கோல். இரண்டு பக்கமும் சமமாக இருந்தது, ஆட்டம் முடியப் போகிறது, தூறல் வேறு. எங்கள் காப்டன் மாதவன் ஓங்கி அடித்தான், பந்து உள்ளே போய்விட்டது. நான் விசிலை வாயில் வைத்தேன், ஊதவில்லை, அதற்குள் கோல் கம்பத்தண்டை விசில் கேட்டது. நிமிர்ந்தால் வைத்தா நிற்கிறான். பஞ்சகச்சம், வெற்று மார்பு, விரலில் தர்ப்பைப் பவித்திரம். கோல் இல்லை என்று கையை ஆட்டுகிறான்!

விசில் கேட்டும் நான் கோல் என்று கை காட்டாததால், கோல் இல்லை என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் ஆட்கள் திகைத்து நின்ற நேரத்தில் பட்டாளத்தார் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி எங்கள் பக்கம் கோல் போட்டு ஜெயித்துவிட்டார்கள். கம்பத்தண்டை பார்த்தேன், யாரும் இல்லை. வைத்தாவை வேறு ஒருத்தரும் பார்க்கவில்லையாம். என் வாயில் விசில் இருந்ததை மட்டும் அத்தனை பேரும் பார்த்தார்களாம்!

"எந்தா சாமி இது? நம்ம ஆளா இருந்துட்டு நம்மளையே சதிச்சல்லோ!" என்று மாதவன் என் சட்டையைப் பிடித்தான்.

நனைந்த சட்டையோடு நேரே கரமனையில் வைத்தா வீட்டுக்குப் போய்க் கத்தினேன். அவன் மனைவிதான் பதில் சொன்னாள். "இவர் எங்கே போனார்? சாப்பிட்டுட்டு இந்தச் சுவரண்டை சாஞ்சவர், இப்போதான் கண்ணைத் திறந்தார்."

வைத்தா மெதுவாகச் சொன்னான்: "கோட்டுக்கு ஒரு சாண் வெளியே ஓய், அந்த அடி."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "அதைக் கமிட்டியில வந்து சொல்லும். என் பேர் பிழைக்கும்."

"அப்பா திவசத்தன்னிக்கு மைதானத்துல நின்னேன்னு என் வாயால சொல்லணுமா? அப்பறம் இந்தத் தெருவுல நான் தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா?"

என்ன அநியாயம் பாருங்கள்! ஊதினது அவன், அவமானம் எனக்கு. கமிட்டி என்னை அம்பயர் வேலையிலிருந்து நீக்கிவிட்டது, அவன் வாயே திறக்கவில்லை. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ஆனால் அன்றைக்கு நான் விருட்டென்று கிளம்பியபோது வாசல்வரை வந்து, மனைவி காதில் விழாதபடி ஒன்று சொன்னான்.

"கோவிச்சுக்காதேயும். வெளியேன்னு நீரும் பாத்தீர். பாத்துட்டும் கோல் கொடுக்கத்தானே விசிலை வாயில வெச்சீர்? அதுக்குத்தான் எழுந்து வந்தேன்."

பார்த்தேன், வாஸ்தவம். நம்ம கிளப்தானே என்று ஒரே ஒரு நொடி நினைத்தேன், அதுவும் வாஸ்தவம். அதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை. சுவரில் சாய்ந்து தூங்கினவனுக்கு அது எப்படித் தெரியும், நீங்களே சொல்லுங்கள்.