கீரைக்கு வைத்த கொட்டைகள்

மற்றவர் மனத்தில் இருப்பதைக் கேட்டு அளந்துகொண்டு போவதுதான் ஒருவருடைய வேலை. அந்த மனத்தில் இருந்தது நடக்காமல் போனால் அவருக்கும் அதில் பங்கு உண்டா? வஹிதாவின் வாழ்க்கை எழுப்பியது இந்தக் கேள்வியைத்தான். அவர் அதை வாய்விட்டுக் கேட்டவர் அல்ல. பெரிய மனம் என்று சொல்லும்படி, இங்கே சொல்லப்போகும் நாளுக்கு முன் எதையும் செய்தவரும் அல்ல.

தருமபுரியில் தகரப்பெட்டி செய்பவரின் மகள். படிப்பு பத்தாவது வரை. பெங்களூருக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே தங்கிவிட, தாய் ரோஷன் பீயோடு பிறந்த வீட்டில் இருந்தார். எண்பத்து மூன்றில், மழை இல்லாத அந்த வருஷத்தில், வெளியூரிலிருந்து வந்த ஓர் ஆராய்ச்சிக் குழு கிராமங்களில் கேள்வி கேட்க ஆள் எடுத்தது. வஹிதாவுக்கு நல்லம்பள்ளிப் பக்கத்து ஊர்கள் கிடைத்தன.

சந்தைக்கு முந்தின நாள் வீடு வீடாகப் போக வேண்டும். வீட்டுப் பெண்ணின் முன்னால் அரிசி, கேழ்வரகு, பருப்பு, கீரை, முட்டை என்று படங்களைப் பரப்ப வேண்டும். கையில் பத்து ரூபாய்தான் இருக்கிறது, நாளை எதை வாங்க நினைக்கிறீர்கள் என்று கேட்டு ஒரு கை புளியங்கொட்டையைக் கொடுக்க வேண்டும். எதில் எவ்வளவு உறுதியோ அந்தப் படத்தின் மேல் அவ்வளவு கொட்டை. குறைந்த காசில் உடம்புக்கு நல்லதை வாங்கும் எண்ணம் ஜனங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை இப்படித்தான் அளந்தார்கள். உண்மையில் என்ன வாங்கினார்கள் என்று பார்ப்பது அடுத்த கட்டம். அது பொங்கலுக்குப் பிறகு. அதுவரை ஒரே கட்டளை: எது நல்லது என்று சொல்லிக் கொடுக்கக் கூடாது. சொல்லிவிட்டால் அளப்பது அவர்கள் எண்ணத்தை அல்ல, நம்முடையதை. இன்று யோசித்தாலும் அந்தக் கட்டளையில் பிழை காண முடியவில்லை.

பெண்களுக்கு இது விளையாட்டாக இருந்தது. “கொட்டைய வறுத்துக் கொண்டாங்கக்கா. எந்தப் படத்து மேல வேணாலும் வெக்கறோம், வெச்சிட்டு எடுத்துத் தின்னுக்கறோம்” என்பாள் பெரியம்மாள். அவளுக்குப் பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் மட்டும் சிரிக்கமாட்டாள். ஒவ்வொரு வாரமும் கொட்டைகளில் பெரும்பங்கைக் கீரைப் படத்தின் மேல் குவிப்பாள். வஹிதா போன ஊர்களிலேயே அவ்வளவு உறுதியான வீடு வேறு இல்லை.

ஒரு நாள் பொழுது சாய்ந்த பிறகு வஹிதா அந்த வீட்டுக்குப் போக நேர்ந்தது. குள்ளம்மாளின் நாலு வயது மகள் தீர்த்தம்மாள், முன்னால் இருந்த களித்தட்டைக் கையால் தடவித் தேடிக்கொண்டிருந்தாள். இருட்டினால் இப்படித்தான், காலையில் சரியாகிவிடும் என்றாள் தாய். அது மாலைக்கண் என்று வஹிதாவுக்குத் தெரியும். கீரையும் பப்பாளியும் அதற்கு நல்லது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். சொல்ல வாயெடுத்தார். கீழே பார்த்தால் கீரையின் மேல் கொட்டைகள் குவிந்து கிடந்தன. வாங்குவது என்று முடிவு செய்துவிட்டவளுக்குச் சொல்வதற்கு என்ன இருக்கிறது? படங்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

அந்த ஊரில் பெண்கள் சந்தைக்குப் போவதில்லை. குள்ளம்மாள் வீட்டில் போனவர் அவள் புருஷன் மாதையன். அங்கே கீரை என்பது கொல்லையில் பறிப்பது. மழை இல்லாமல் கொல்லை வெடித்துக் கிடந்த அந்த வருஷத்திலும் அதைக் காசு கொடுத்து வாங்க யாருக்கும் கை வரவில்லை. எண்ணம் ஒருவரிடம் இருந்தது, சந்தைப் பை இன்னொருவரிடம் இருந்தது. புருஷனை வெளியாளிடம் விட்டுக்கொடுக்காத குள்ளம்மாள் இதை வஹிதாவிடம் சொல்லவில்லை. வஹிதாவும் கேட்கவில்லை.

மார்கழியில் குழந்தைக்கு அம்மை போட்டது. அம்மை இறங்கியபோது கண்கள் வெளுத்திருந்தன. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். ஒரு கண் போய்விட்டது. மற்றதில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. கீரையாவது கொடுத்திருக்கக் கூடாதா என்று டாக்டர் கேட்டார்.

செய்தி கேட்டுப் பொம்மிடியிலிருந்து குள்ளம்மாளின் அண்ணன் பச்சியப்பன் உறவுக்காரர்களோடு வந்தார். அன்று வஹிதா வரும் நாள். அவர் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஊரே கூடியிருந்தது. நடந்தது எல்லாம் அங்கே நின்றுதான் அவருக்குத் தெரிந்தது.

“வாரா வாரம் சொன்னேன்ணா, கீரை வாங்கிட்டு வான்னு” என்றாள் குள்ளம்மாள்.

மாதையன் தலை நிமிரவில்லை. “கொல்லையில தானா மொளைக்கறதக் காசு குடுத்து வாங்கிட்டு வந்தா, மாதையன் நெலத்துல புல்லு கூட இல்லைனு சந்தையே சிரிக்கும்.”

“இப்ப மட்டும் என்னய்யா, மேளம் கொட்டறாங்களா?” என்றார் பச்சியப்பன். பிறகு தங்கச்சியிடம் துணிமணியை எடுத்துக்கொண்டு பிள்ளையோடு கிளம்பச் சொன்னார். இந்த வாசலில் இனி மிதிக்கக் கூடாது என்றார். குள்ளம்மாள் புருஷனைப் பார்த்தாள், உள்ளே போகத் திரும்பினாள்.

கூட்டத்தின் பின்னாலிருந்து வஹிதா முன்னே வந்தார்.

“அவரை விடுங்கண்ணா. கீரை வேணாம், அந்தக் காசுக்கும் அரிசியே வாங்குங்கன்னு நாந்தான் அவருகிட்ட சொன்னேன். படிச்சவ சொல்றாளேன்னு கேட்டுட்டாரு. வெளிய சொல்லக் கூடாதுன்னும் நாந்தான் சொன்னேன்.”

அதன் பிறகு யாரும் மாதையனைப் பார்க்கவில்லை. கேட்கக் கூடாத வார்த்தைகளையெல்லாம் வஹிதா கேட்டார். பெரியம்மாள் மண்ணை வாரித் தூற்றினாள். பஸ் ஏறும் இடம் வரை பையன்கள் கூச்சல் போட்டுக்கொண்டே வந்தார்கள்.

குள்ளம்மாள் அண்ணனோடு போகவில்லை. கட்டளையை மீறியவர் என்று குழு வஹிதாவை அந்த வாரமே நிறுத்தியது. அந்த ஊரில் அளந்ததையும் தள்ளி வைத்தது. வஹிதா மறுக்கவில்லை. பிறகு ஒரு தையல் கடையில் காஜா எடுத்துப் பிழைத்தார். கேள்வி கேட்கும் வேலை மறுபடியும் கிடைத்தபோது போகவில்லை.

வஹிதா மாதையனிடம் ஒரு நாளும் நேரில் பேசியது கிடையாது என்று பல வருஷம் கழித்துக் குள்ளம்மாள் சொன்னாள். அன்று ஏன் அப்படிச் சொன்னாய் என்று ரோஷன் பீ சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.