கோணல் சமையலறையின் நாலாவது மூலை

சமையலறைக்கு மரத்தரை போட வேண்டும் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் வருவது சந்தேகம். சந்தோஷம் அப்புறம்தான். நம் பக்கத்துச் சமையலறை என்பது வாளித் தண்ணீரை ஊற்றித் துடைப்பத்தால் தள்ளிக் கழுவுகிற இடம். அங்கே மரம் கேட்கிறவர் ஒன்று விவரம் தெரியாதவராக இருக்க வேண்டும், அல்லது என்னை மாட்டிவிட யாரோ அனுப்பிய ஆளாக இருக்க வேண்டும்.

சுங்குவார்சத்திரத்தில் தரை போடும் கடை வைத்திருக்கிறேன். ஃபேக்டரி ஆபீஸ்களுக்கு வினைல், வீடுகளுக்கு லேமினேட், எஞ்சினியர்டு வுட். சில வருடங்களுக்கு முன்பு ஒரு ஹாஸ்டல் ஆபீஸில் நான் போட்ட லேமினேட் ஒரே மழையில் அப்பளம் மாதிரி எழும்பிவிட்டது. அதை யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். அன்றிலிருந்து ஈரத்தைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான். டீக்கடை மேஜையில் டம்ளர் வைத்த வட்டம் தெரிந்தால்கூட விரலால் தொட்டுப் பார்ப்பேன்.

மணிமங்கலத்தில் செய்த ஒரு வேலையை இங்கே எழுதுகிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவலாம். நான் செய்த திருட்டுத்தனத்தையும் விடாமல் சேர்த்திருக்கிறேன்.

1. ஸ்டிக்கர் மனிதர்

வீட்டுக்காரர் அருள்தாஸ். உள்ளூர்க்காரர். ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி டிபார்ட்மென்ட். மனைவி பிரிசில்லா திருநெல்வேலிப் பக்கம். போன் அசெம்பிளி கம்பெனியில் லைன் லீடர். மரத்தரை கேட்டது அவர்தான். காரணமும் அவரே சொன்னார்.

"காலைல எந்திச்சு மொத அடி வைக்கைல குதிகால்ல உசுரு போவுது அண்ணாச்சி. அங்கன எட்டு மணி நேரம் நிக்கேன். வீட்டுக்கு வந்து சமைக்க நின்னா இந்த டைல்ஸு பாறை மாதிரி இருக்கு. அடுப்பு முன்னாலயாவது காலு கொஞ்சம் சொகமா நிக்கட்டும்."

இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. எனக்கு அதுவே சங்கடமாக இருந்தது. நல்லவேளையாக அறையைப் பார்த்ததும் சந்தேகம் திரும்பி வந்துவிட்டது.

சமையலறையைப் பின்பக்கம் இழுத்துக் கட்டியிருந்தார்கள். மனையின் எல்லைக்கோடு சாய்வாகப் போகிறது. ஓரடி இடத்தையும் விடக் கூடாது என்று கொத்தனார் வலதுபக்கச் சுவரையும் கூடவே சாய்த்துக்கொண்டு போயிருக்கிறார். மூன்று மூலைகள் ஏதோ மூலை மாதிரி இருந்தன. பின்பக்கம் வலது மூலை மட்டும் கத்தி முனை போலக் கூராக முடிந்தது. அங்கேதான் சிங்க், அதற்கு மேலே ஆர்.ஓ. மிஷின்.

மூன்று சாம்பிள் பலகைகளைத் தரையில் வைத்தேன். மரத்தூள் அட்டையில் மரம் போல அச்சடித்த லேமினேட், மேலே நிஜத் தேக்கு ஒட்டிய எஞ்சினியர்டு வுட், கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த எஸ்.பி.சி. எஸ்.பி.சி.யைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. நான் நிம்மதியாகத் தூங்க வேண்டுமானால் அவர்கள் அதைத்தான் எடுக்க வேண்டும். அரை மணி நேரம் அதைப் புகழ்ந்தேன்.

பிரிசில்லா செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றின் மேலும் ஏறி நின்றார். எஸ்.பி.சி.யில் நின்றதும் கண்ணைத் திறந்தார்.

"இது எங்க கம்பெனித் தரையில்லா? இதுல நிக்கவா சம்பளமில்லாம வீட்டுக்கு வாரேன்?"

தேக்கில் நின்றவர் இறங்கவே இல்லை. அங்கிருந்தே கணவரிடம் பேச ஆரம்பித்துவிட்டார். முடிவாகிவிட்டது என்று புரிந்தது.

அருள்தாஸ் அந்தப் பலகையைத் திருப்பி, பின்பக்கம் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, அதன் மேல் கையெழுத்துப் போட்டார். மற்ற இரண்டுக்கும் சிவப்பு.

"தப்பா எடுத்துக்காதண்ணே. நாளைக்கு வேற பொட்டி வந்து எறங்குச்சுன்னா நான் எதை வெச்சு கேக்குறது?"

அவருக்கு என் மேல் சந்தேகம். எனக்கு அவர் வீட்டின் மேல் சந்தேகம். எனக்கென்னவோ அவரைப் பிடித்துவிட்டது.

2. நாலு ஷீட்

பழைய டைல்ஸைப் பெயர்த்தெடுத்த பிறகு, மரம் இறக்குவதற்கு முன்னால், அடியிலிருக்கும் சிமெண்ட் தரையில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரிய வித்தையில்லை. ஒன்றரை அடிச் சதுரத்துக்குப் பாலித்தீன் ஷீட் வெட்டி, நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட வேண்டும். தரைக்குள் ஈரம் இருந்தால் ஷீட்டுக்கு அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்துக்கொள்ளும். நாலு மூலைக்கும் நாலு ஷீட் ஒட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் போனபோது பிரிசில்லா ஷிஃப்டுக்குப் போயிருந்தார். அருள்தாஸ் முன்னறையில் போனில் பேசிக்கொண்டிருந்தார். மூன்று ஷீட்டைத் தூக்கினேன். எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தது. நாலாவது, அந்தக் கத்தி மூலை. தூக்கினால், கீழே தண்ணீர். முத்து முத்தாக இல்லை. குட்டையாக.

எனக்குக் காதுக்குள் மழை பெய்தது. ஹாஸ்டல் அப்பளம் கண் முன்னால் எழும்பியது. அதே சமயம் டேப்பையும் பார்த்தேன். நான் டேப் ஒட்டினால் கட்டைவிரலால் நீவி ஒட்டுவேன். இது ஒரு பக்கம் சுருங்கி, கோணலாக இருந்தது. யாரோ பிரித்து ஒட்டியிருக்கிறார்கள்.

யார்? தண்டலத்தில் கடை வைத்திருக்கும் என் போட்டிக்காரனா? அவன் இவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்து சுவர் ஏறிக் குதித்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுவானா? அந்த நிமிஷத்தில் ஊற்றுவான் என்றே தோன்றியது. கொத்தனாரா? சுவரையே சாய்த்தவர் எதுவும் செய்வார். பக்கத்து வீட்டுப் பூனையைக்கூட விடவில்லை. பூனைக்கு டேப் ஒட்டத் தெரியாது என்று கொஞ்சம் தாமதமாகத்தான் புத்தியில் பட்டது.

பிறகு செய்ததை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. கைக்குட்டையை எடுத்தேன். தண்ணீரைத் துடைத்தேன். பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அந்த இடத்தின் மேல் நம்பிக்கை இல்லாமல், புது ஷீட்டை இரண்டடி தள்ளி, சாய்ந்த சுவரை ஒட்டிப் போட்டேன். காய்ந்த இடமாகப் பார்த்துப் போட்டேன் என்றால் இன்னும் சரியாக இருக்கும். இந்த முறை யாரும் பிரிக்க முடியாதபடி டேப்பும் தரையும் சேர்கிற இடத்தில் குறுக்கே கையெழுத்தும் போட்டேன். அருள்தாஸிடம் கற்றுக்கொண்டதுதான்.

அவர் போனை வைத்துவிட்டு உள்ளே வந்தார். "இன்னாண்ணே, எப்டி கீது?"

"எல்லாம் ஓகேதான் சார். எதுக்கும் இன்னொரு நாள் பாத்துடலாம்."

அவர் என் பேண்ட்டைப் பார்த்தார். "பாக்கெட்டு நனைஞ்சிருக்கே."

"வேர்வை சார்."

"ஒரு பாக்கெட்டு மட்டும் வேர்க்குதா?"

வண்டியை ஒரகடம் தாண்டி ஓட்டுகிற வரை அந்தக் கேள்வி பின்சீட்டில் உட்கார்ந்து வந்தது.

3. டம்மி பீஸ்

அடுத்த நாள் பிரிசில்லாவுக்கு வாராந்திர லீவு. நான் போனபோது அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால் மேல் வைத்து, கொக்கு மாதிரி. கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் காலை மாற்றிக்கொண்டார். நான் இருப்பதை மறந்து முகத்தைச் சுளித்தார்.

சுவரோரத்து ஷீட்டைப் பார்த்தேன். என் கையெழுத்து அப்படியே இருந்தது. டேப்பை யாரும் தொடவில்லை. பிரித்துத் தூக்கினேன். அடியெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். சிமெண்ட் கறுத்துப் போயிருந்தது.

கை தானாகப் பாக்கெட்டுக்குப் போனது. அதற்குள் பிரிசில்லா காலை மாற்றினார். அப்போதுதான் உறைத்தது. இந்தத் தரை எழும்பினால் இந்த முறை வாட்ஸ்அப்பில் வருவது என் அப்பளம் மட்டுமில்லை. இந்தம்மா அதில் தடுக்கி அந்தக் குதிகாலோடு விழுவார். கையை வெளியே எடுத்து, முன்னறையிலிருந்த அருள்தாஸைக் கூப்பிட்டேன்.

"சார், இங்க மரம் போட முடியாது. ஈரம் இருக்குது. நேத்தும் இருந்துச்சு. நான்தான் தொடைச்சிட்டு சொல்லாம போயிட்டேன்."

கத்துவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

"தெரியும்ண்ணே. எங்க லைன்ல காலைல டம்மி பீஸ் ஒண்ணு உள்ள வுடுவோம். தெரிஞ்சே கெட்ட பீஸு. இன்ஸ்பெக்டர் புடிக்கிறானா, இல்ல அப்டியே ஓட்டிவுடுறானான்னு பாக்க. முந்தாநேத்து சாயங்காலம் ஒரு டம்ளர் தண்ணி நான்தான் ஷீட்டுக்கு அடில ஊத்துனேன்."

 நான் கோபப்படுவதற்குள் பிரிசில்லா முந்திக்கொண்டார்.

"கூறு இருக்கா உங்களுக்கு? வேலைக்கு வந்த மனுசருக்கா டம்மி பீஸ் வைப்பாவ? எனக்கு வைக்கலையே இதுவரைக்கும்?"

அருள்தாஸ் குனிந்து பிரித்த டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தார். எனக்கும் அது நல்லதாகப் பட்டது. ஆனால் எனக்கு வேறொரு கேள்வி இருந்தது.

"நேத்து எந்த எடத்துல ஊத்துனீங்க சார்?"

"நேத்து நான் ஊத்தவே இல்லியே."

மூன்று பேரும் சுவரோரத்தைப் பார்த்தோம். அவர் டம்ளர் தண்ணீர் ஊற்றிய இடம் அந்தப் பக்கம், நன்றாகக் காய்ந்திருந்தது. ஈரம் இந்தப் பக்கம்.

வெளியே போய்ப் பார்த்தோம். முதல் நாளே நான் பார்த்திருக்க வேண்டிய இடம். கொத்தனார் அவ்வளவு சாய்த்தும் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே முக்கோணமாகக் கொஞ்சம் இடம் மிஞ்சியிருந்தது, அதில் மண். உள்தரையை விட உயரமாகக் கொட்டி, அதில் ஒரு கறிவேப்பிலைச் செடி. சந்தேகப்படும்படி செழிப்பாக இருந்தது. ஆர்.ஓ. மிஷினின் கழிவுக் குழாய் சுவரைத் துளைத்து வந்து நேராக அதன் வேரில் சொட்டிக்கொண்டிருந்தது.

பிரிசில்லா மெதுவாகச் சொன்னார். "வீணாத்தானே போவுதுன்னு நான்தான் திருப்பிவிட்டேன்."

அருள்தாஸ் சட்டைப்பையிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்துக் குழாயில் ஒட்டினார். பிரிசில்லா அதை உரித்து அவர் சட்டையில் ஒட்டினார்.

4. தேக்கு

குழாயைச் சாக்கடைப் பக்கம் திருப்பினோம். மண்ணை வழித்துச் சுவருக்கு வாட்டர்ப்ரூஃப் அடித்தோம். செடியைப் பெயர்த்து முன்வாசலில் வைத்தார்கள். தரை காய வாரக்கணக்கில் ஆனது. ஒவ்வொரு வாரமும் ஷீட் ஒட்டினேன். ஒவ்வொரு ஷீட்டையும் மூன்று பேர் முன்னிலையில் பிரித்தோம்.

கடைசியில் அந்தக் கூர் மூலையில், சிங்குக்குக் கீழே, முக்கோணமாக டைல் வைத்தேன். மற்ற இடமெல்லாம் தேக்கு. நேர்ச்சுவருக்கு இணையாகப் பலகை ஓட்டினேன். அவர் நிற்கிற இடத்தில் முழுப் பலகை. சாய்ந்த சுவரோரம் வந்த ஒல்லி வெட்டுகளையெல்லாம் கேபினட்டுக்கு அடியில் ஒளித்தேன். தரைத்தொழிலில் ஒளிக்கத் தகுந்தது கோணல் ஒன்றுதான்.

வேலை முடிந்த அன்று பிரிசில்லா வெங்காயம் உரிக்க நின்றார். எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெங்காயம் முடிகிற வரை இரண்டு குதிகாலும் தரையில் இருந்தன.

அருள்தாஸ் தரைக்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார். நான் சும்மா என் சட்டையைக் காட்டினேன்.

"ஒனக்கு இல்லண்ணே. நீ ஒரு நாள் லேட்டு."

அதன் பிறகு வேலைக்குப் போகும்போது நான் கைக்குட்டை கொண்டுபோவதில்லை. வேர்த்தால் சட்டைக் கையில் துடைத்துக்கொள்கிறேன்.