பாதியில் நிறுத்திய கதை

கரியாலூருக்கு மேலே இருக்கும் ஒரு தொடக்கப்பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு எடுத்த முதல் வருடம் அது. தியாகதுருகத்தில் கிளம்பி, கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, மலையேறி வகுப்புக்குள் நுழைவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும். மீதியைப் பிள்ளைகள் வாங்கிவிடுவார்கள் என்று பயந்துகொண்டுதான் போனேன். ஆனால் அந்த வகுப்பில் சத்தமே இல்லை. பதினொரு பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தபடி இருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பட்டப்பகலிலேயே மரங்கள் தெரியாதபடி மூடுபனி இறங்கியிருந்தது.

எழுத்துக்கூட்டி எல்லாரும் படித்தார்கள். படித்ததற்கு அர்த்தம் கேட்டால்தான் திருதிருவென்று விழித்தார்கள். பயிற்சி வகுப்பில் எங்களுக்கு ஒரு வழி சொல்லியிருந்தார்கள். கதையைப் பாதியில் நிறுத்த வேண்டும். அடுத்து என்ன நடக்கும் என்று கேட்க வேண்டும். கதையில் நேராகச் சொல்லாததை, சொன்னதை வைத்தே கண்டுபிடிக்க வைக்க வேண்டும்.

நானும் ஒரு கதை கட்டினேன். ஆட்டைத் தேடி ஒருவர் ஆற்றைத் தாண்டப் போகிறார். மழை. வெள்ளம். கரையில் அவருடைய செருப்பு மட்டும் கிடக்கிறது. அங்கே நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும்?" என்றேன்.

"வந்துடுவாரு டீச்சர்."

ஒரே குரல், ஒரே இழுப்பு. சொல்லும்போது ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்களும் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தன. அங்கே பனியைத் தவிர எதுவும் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண் மட்டும் வாயைத் திறக்காமல் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கதையை மாற்றினேன். கோழிக்குஞ்சைப் பருந்து தூக்கிப் போகிறது. "வந்துடும் டீச்சர்." கிணற்றில் விழுந்த ராஜா? "வந்துடுவாரு டீச்சர்." ராஜா செத்துப்போனார் என்று நானே வாசித்துக் காட்டிய பிறகும் அதே பதில், அதே இழுப்பு, அதே ஜன்னல். பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும். "கிளிப்பிள்ளைங்களா, யோசிக்கவே மாட்டீங்களா?" என்று கத்தினேன். அதற்கும் அசையவில்லை.

ஜன்னலோரத்துப் பெண் மட்டும்தான் எனக்கு ஆறுதல். மஞ்சள்காமாலை வந்து ரொம்ப நாள் கழித்துத் திரும்பியவள். குச்சிக் கை, பெரிய கண்கள். படிப்பில் கெட்டிக்காரி. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தனியாகவே சொல்லிக்கொடுத்தேன். என்ன இருக்கிறது என்று பார், இருக்க வேண்டியதில் எது இல்லை என்று பார், இரண்டையும் சேர். அவள் கற்பூரமாகப் பற்றிக்கொண்டாள். ஒரு வாரத்தில் ஆற்றுக் கதையை அவளே மறுபடி எடுத்தாள்.

"செருப்பு கெடக்குது. ஆளக் காணோம். வெள்ளம் வேற. அவரு வரமாட்டாரு டீச்சர்."

நான் கை தட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை. பின்னால் ஒரு சிறுமி விசும்ப ஆரம்பித்தாள்.

மதியம் சத்துணவு சமைக்கும் அக்கா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"இன்னா டீச்சர் இப்படிப் பண்ணிட்டீங்க? அந்த ஜன்னலோரத்துப் புள்ளையோட அப்பா செத்து மூணு மாசம் ஆவுதுங்க. கேரளாவுக்கு மெளகு பறிக்கப் போன எடத்துல மரத்துலேந்து வுழுந்துட்டாரு. இங்க கொண்டாந்து அடக்கம் பண்றப்ப இது கள்ளக்குறிச்சி ஆசுபத்திரில படுத்துக்கினு இருந்துச்சு. ஒடம்பு தேறட்டும், அப்பால சொல்லலாம்னு வுட்டாங்க. தேறி வந்ததும் யாருக்கும் வாய் வரல. வந்துடுவாருன்னு ஊரே ஒரே பேச்சா சொல்லிக்கினு இருக்கோம். புள்ளைங்களுக்கும் சொல்லி வச்சிருக்கோம்."

பத்துக் குழந்தைகள் ஒருத்திக்காகப் பொய்யைச் சுமந்துகொண்டிருக்க, நான் அவர்களைக் கிளிப்பிள்ளை என்று திட்டியிருக்கிறேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அடுத்த நாளிலிருந்து கதையை மூட்டை கட்டிவிட்டேன். பாட்டு, விடுகதை, படத்துக்கு வண்ணம். கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்ள முடியும் என்று நினைத்த முட்டாள் நான்.

நான்கைந்து நாள் கழித்து, மதிய இடைவேளையில் அவள் என் மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், நான் ஒரு கதை சொல்றேன். அடுத்து இன்னான்னு நீங்க சொல்லுங்க." குரல் தெளிவாக இருந்தது. "அப்பா போன் பண்றதே இல்ல. அப்பா சட்டைய சித்தப்பா போட்டுக்கினு இருக்காரு. நான் வூட்டுக்கு வர்ற நேரத்துக்குத்தான் அம்மா பொட்டு வைக்குது. காலையில நான் கெளம்பினதும் அழிச்சிடுது. ஒருநாள் பென்சில மறந்துட்டுத் திரும்பிப் போனப்ப பாத்தேன்."

வெளியே விளையாடிக்கொண்டிருந்தவர்கள் எப்போது வந்தார்களோ தெரியவில்லை. பத்துப் பேரும் வாசலில் நின்றார்கள்.

"அப்பா வந்துடுவாருடா," என்றேன். என் வாயிலிருந்து வந்ததும் அதே இழுப்புதான்.

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "எல்லாரும் அதையேதான் சொல்றீங்க. அதுலதான் டீச்சர் எனக்குத் தெரிஞ்சுது. நெசமா இருந்தா, ஒருத்தராவது எப்ப வருவாருன்னு சொல்லியிருப்பீங்க."

அதற்குமேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அந்தக் கை சில்லென்று இருந்தது. பனிக்குள் பத்தடிக்கு மேல் பாதை தெரியவில்லை. பின்னால் வரும் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பத்துப் பிள்ளைகளும் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். போங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவள் வீட்டு வாசலில் அம்மா தானியம் புடைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் எங்களை எதிர்பார்க்கவில்லை. வெறும் நெற்றியோடு நிமிர்ந்தவர், மகளைக் கண்டதும் முறத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடப் பார்த்தார்.

"வைக்க வாணாம்மா," என்றாள் அவள்.