அறுந்த இழைகளும் அப்பாவின் வேலைநிறுத்தமும்

சில ஆண்டுகளுக்கு முன், மதுரை செல்லூர்ப் பக்கம் ஒரு துணை மின்நிலையத்தில் நான் பயிற்சியில் இருந்தபோது நடந்தது. வரிசை போட்டால்தான் எனக்குச் சொல்ல வரும்.

1. வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். என் அப்பாவும் அவர்களில் ஒருவர்.
2. கரி வரத்து குறைந்ததால் செல்லூரில் தினமும் காலை பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை மின்வெட்டு.
3. அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் விசைத்தறி வைத்திருந்த ஓர் அக்காவுக்கு நான் போன் செய்ய வேண்டும். அவர் குரல் கொடுத்ததும் சந்து முழுக்கத் தறிகளை நிறுத்துவார்கள்.
4. அன்று பத்தே முக்காலுக்கு அப்பா போனில் பேசினார். "பேச்சுவார்த்தை முறிஞ்சிருச்சும்மா. எங்கள வேலைய விட்டே தூக்கப் போறாங்களாம்."
5. போன் செய்ய மறந்து, கரண்டை நிறுத்திவிட்டேன்.

ஓடும் தறி திடீரென்று நின்றால், குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா சில நேரம் பாதி வழியில் சிக்கி, நெடுக்கே ஓடும் பாவு இழைகளை அறுத்துவிடும். மன்னிப்புக் கேட்க ஓடினேன். அக்காவின் தறியில் ஒரு சாண் அகலத்துக்கு இழைகள் அறுந்து தொங்கின. அன்று மாலை கொடுத்தாக வேண்டிய சேலை.

"ஒரு போன் போட கை வலிச்சுச்சாக்கும்? உக்காரு. முடிச்சுப் போடு" என்றார்.

உட்கார்ந்தேன். வியர்வையில் விரல் வழுக்கியது.

"அம்புட்டு வயரையும் மாட்டுற புள்ளைக்கு ஒரு முடிச்சு வரலையே!"

பக்கத்துத் தறிக்காரர் எட்டிப் பார்த்தார். "இந்தப் புள்ளைய ஏன் வையிற? கரி வெட்டுறவய்ங்க கொழுப்பெடுத்து உக்காந்திருக்காய்ங்க, அவய்ங்கள வையி."

டீக்கடையிலும் ஷேர் ஆட்டோவிலும் பல நாட்களாக இதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். அன்று முடியவில்லை.

"எங்கப்பாவும் அங்கதாண்ணே உக்காந்திருக்காரு. இருபது வருசமா ஒப்பந்த வேலை."

அக்கா இன்னோர் இழையை என் விரலில் கொடுத்து, "அப்பா சாப்பிட்டாராமா?" என்று மட்டும் கேட்டார். தறிக்காரர் உள்ளே வந்து எதிரில் குந்தி, அவரும் முடிச்சுப் போட ஆரம்பித்தார்.

"உங்கப்பாட்ட சொல்லும்மா. ஜெயிக்கிறதுனா வெரசா ஜெயிக்கணும். இங்க வெக்கை தாங்கல."

அக்கா சிரித்துவிட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஒரு மணிக்குக் கரண்ட் வந்தபோது கடைசி முடிச்சை நான் போட்டிருந்தேன். தறி ஓடியது. அந்தத் தடதடப்பு இன்றும் என் காதில் இனிக்கிறது.

வேலைநிறுத்தம் ஒருவழியாக முடிந்தது. யாரையும் நீக்கவில்லை, நிரந்தரமும் ஆக்கவில்லை. நான் இப்போது திருமங்கலத்தில் வேலை பார்க்கிறேன். போன் செய்யாமல் சுவிட்சில் கை வைப்பதில்லை. அப்பா இன்னும் ஒப்பந்தத் தொழிலாளிதான். ஆனால், சுரங்கத்துக்காரர்களை யாராவது ஏசினால், அங்கே என் அப்பா இருக்கிறார் என்று சொல்ல நான் தயங்குவதில்லை.