குட்டி போட்ட கிணறு

எண்பதுகளின் பிற்பாதியில் செஞ்சியில் ஒரு டீசல் இன்ஜின் வாடகைக் கடையில் வேலை பார்த்தேன். கிணற்று மேட்டில் நிறுத்தித் தண்ணீர் இறைக்கிற இன்ஜின்கள். கடைக்கார பாயின் மச்சான் மெட்ராஸிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை அனுப்பியிருந்தார். "சும்மா கெடக்குது தம்பி, இதுக்கு எதாவது வேல கத்துக்குடு" என்றார் பாய், சோம்பேறிச் சொந்தக்காரனை ஒப்படைப்பது மாதிரி. எனக்குத் தெரிந்தது ரேடியோ ரிப்பேர். கூடவே வந்த தடிப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி, புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன்.

எந்த நாள் எந்தக் கிணற்றுக்கு இன்ஜின் போகவேண்டும் என்று அது சொல்லும். எங்கள் பக்கம் அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் நிலம்தான் பிரியும். கிணறு பொதுவில் நிற்கும், முறை வைத்து இறைப்பார்கள். தளவானூரில் ஓரகத்திகள் இருவருக்கு அப்படி ஒரு கிணறு. ஆழம் அளக்கப் போனபோது அதன் தண்ணீரைக் குடித்துமிருக்கிறேன். பல வருஷம் பேச்சில்லாமல் இருந்தவர்கள், அந்த வருஷம்தான் மூத்தவள் மகளின் சடங்கில் சமாதானமாகி, ஒரே பஸ்ஸில் கடைக்கு வந்தார்கள்.

"நான் எறச்ச பின்னால கெணறு ஊறணும், அப்பறந்தான் இவ எறைப்பா" என்றாள் மூத்தவள்.

"அக்கா சொன்னா சரி" என்றாள் சின்னவள்.

கம்ப்யூட்டரின் நினைவில் அந்தக் கிணறு ஒன்றே ஒன்று. இரண்டு குடும்பமும் அதை நோக்கி விரல் நீட்டிக்கொண்டிருந்தன. ஒருத்தி பிடித்த நாள் மற்றவளுக்குக் கிடைக்காது. சோதித்துப் பார்த்ததில் எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

ஆனால் கரண்ட் போனால் அந்த நினைவு போய்விடும். அதனால் எல்லாவற்றையும் பிளாப்பித் தட்டில் எழுதிவைத்து, கரண்ட் வந்ததும் படிக்கச் செய்தேன். நீட்டிய விரலை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு குடும்பத்தின் கீழும் கிணற்றையே முழுசாக எழுதிவிட்டேன். திரும்பப் படித்தபோது கம்ப்யூட்டர் இரண்டு கிணறு வெட்டியது. ஒரே ஆழம், ஒரே ஊர். ஆனால் ஒன்றில் குறித்த நாள் மற்றதில் தெரியாது.

மணிலா, அதாவது வேர்க்கடலைச் செடி பூவெடுத்த நேரம். கரண்ட் போய் வந்த ஒரு பகலில் மூத்தவள் வந்து வியாழக்கிழமையைக் குறித்துக்கொண்டு போனாள். மறுநாள் சின்னவள் வந்தாள். "அக்கா நாள் மேல ஏறாம பாத்துக் குடுங்கண்ணா." வியாழன் காலி என்றது கம்ப்யூட்டர். நேற்று அந்த நாளை எழுதியவன் நானே. மனசு ஒரு நொடி உறுத்தியது. மிஷினை விடவா நமக்கு ஞாபகம் என்று வியாழனையே கொடுத்தேன்.

வியாழனன்று, கடை கொடுத்த நாள் என்று இரண்டு பக்கமும் நம்பி, ஒரே கிணற்றில் இரண்டு இன்ஜின் ஓடியது. மதியத்துக்குள் சேறு தெரிந்துவிட்டது, இரண்டு நிலத்திலும் பாதிகூட நனையவில்லை.

"கெணறு இன்னா தம்பி, குட்டி போட்டுதா?" என்று பாய் சிரித்தார்.

அன்றைக்கே சரிசெய்தேன். கிணற்றுக்கு ஓர் எண். முதல் தடவை கிணற்றை முழுசாக எழுது, பிறகு எண்ணை மட்டும் எழுது. படிக்கும்போது அந்த எண் முன்பே வந்திருந்தால் புதிதாக வெட்டாதே, இருப்பதையே காட்டு. இவ்வளவுதான். எழுதி முடித்துவிட்டுத் தளவானூருக்கு பஸ் ஏறினேன்.

சின்னவள் வாசலைத் தாண்டவிடவில்லை. "அக்காகிட்ட நீங்களே சொல்லுங்க. கடையில ஆள் புடிச்சி நாள வாங்கிட்டேன்னு ஊரே கேக்க ஏசிட்டாங்க."

மூத்தவளிடம் போய், மிஷின் தப்பு என்றேன்.

"மிஷினுக்கு எங்க கெணறு தெரியாது. நீ அதுல தண்ணி குடிச்சவன்தான? அவ அந்த நாளக் கேட்டப்ப எம் மூஞ்சி ஞாபகம் வரலியா தம்பி?"

"வந்துதுக்கா."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சின்னவள் வீட்டுப் பக்கம் திரும்பினாள். "அப்ப நான் ஏசினத யாரு திரும்ப வாங்கறது?" என்றாள். ஆனால் அங்கே போகவில்லை.

அடுத்த போகத்துக்கும் இருவரும் நாள் குறிக்க வந்தார்கள், வேறு வேறு பஸ்ஸில். "அக்கா நாள் எது?" என்று சின்னவள் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். கம்ப்யூட்டருக்குள் கிணறு ஒன்றாகியிருந்தது. நான் அதைப் பார்க்காமலே பதில் சொன்னேன்.