மண்டிக்காரரும் என் மகளின் படமும்

மண்டிக்காரர் தணிகாசலம் இறந்துபோனார் என்ற செய்தி வந்தபோது நான் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே இருக்கும் என் தட்டச்சுக் கடையில், ஒரு பெரியவருக்குப் பட்டா மாறுதல் மனு அடித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் ஏழுமலை கீழ்பென்னாத்தூர் பக்கம் வேன் ஓட்டுகிறவர். ஊர்ச் செய்தியெல்லாம் அவருக்குத்தான் முதலில் வரும். அவர்தான் போன் செய்தார்.

“மண்டிக்காரரு பூட்டாரு. காலையில மண்டியில உக்காந்தாப்புலயே சாஞ்சிட்டாராம்.”

“அபி மாத்திரைக்கு இனிமே யார்கிட்ட போறது?” என்று கேட்டேன். என் வாயில் முதலில் வந்தது மகளுடைய மாத்திரைதான். அழுகை வரவில்லை. மனுவை அடித்து முடித்து, பெரியவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கடையைச் சாத்தினேன்.

இரண்டு நாள் கழித்து அவருடைய மகன் சங்கர் வந்தார். அப்பாவுக்கு நினைவு மலர் போடுகிறோம், நீங்கள் எழுத வேண்டும் என்றார். “ஊருக்கே மனு எழுதுறீங்க. அப்பாவப் பத்தி நாலு நல்ல வார்த்த எழுத மாட்டீங்களாக்கா?” என்று கேட்டார். எழுதுகிறேன். ஆனால் என்னிடம் இருக்கிற வார்த்தைகளைத்தான் எழுத முடியும். அச்சுக்குப் போகுமா போகாதா என்பது அவர்கள் பாடு.

தணிகாசலம் ஐயாவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையை வாங்கி விற்கும் மண்டி வைத்திருந்தார். அதில் வந்ததையும், பௌர்ணமி கிரிவலத்துக்கு வரும் ஜனங்கள் உண்டியலில் போட்டதையும் வைத்து ஓர் அறக்கட்டளை நடத்தினார். கல்லீரல், சிறுநீரகம் மாற்ற வேண்டிய குழந்தைகளின் குடும்பங்களுக்கு அது உதவியது. அரசுக் காப்பீடு போக மீதியைக் கட்டுவது, சென்னையில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ரூம் பிடித்துத் தருவது, அதற்குப் பிறகு ஆயுசுக்கும் சாப்பிட வேண்டிய மாத்திரையை மாதாமாதம் வாங்கித் தருவது, எல்லாம் அவர் பொறுப்பு. ஏன் இதைச் செய்தார் என்று யாருக்கும் தெரியாது. நான் ஒருமுறை கேட்டேன். “ஏன்னா இன்னா? செய்றேன், அவ்ளோதான்” என்றார்.

அவரை முதலில் பார்த்தபோது என் மகள் அபிராமிக்கு ஒன்றரை வயது. பிறவியிலேயே பித்தக்குழாய் சரியாக அமையாமல் கல்லீரல் கெட்டுப்போயிருந்தது. கண் முழுக்க மஞ்சள். வயிறு உப்பி, உடம்பெல்லாம் அரிப்பெடுத்துச் சொறிந்துகொண்டே இருப்பாள். மாற்றுக் கல்லீரல் வைக்காவிட்டால் பிழைக்கமாட்டாள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். என் கல்லீரலில் ஒரு பகுதி பொருந்தும் என்பதும் தெரிந்துவிட்டது. கொடுக்க நான் தயார். மற்ற செலவுக்கு வழியில்லை.

மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே எங்களை மதியம்வரை உட்கார வைத்தார். உதவி கேட்டு வந்தவர்களை உடனே கூப்பிட்டுப் பழக்கமில்லை அவருக்கு. கூப்பிட்டதும் கேள்வி மேல் கேள்வி. என் கணவர் குடிப்பாரா, நிலம் இருக்கிறதா, நகை எங்கே என்று வியாபாரிகள் காதுபட விசாரித்தார். கூட வந்திருந்த என் மாமியார், “பொட்டப் புள்ளதானே, அதுக்காக இவளையும் வேற அறுக்கணுமா” என்று என்னைக் காட்டி இழுத்தார். ஐயா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீ இன்னா ஆம்பளையா? உன்ன வளத்தாங்களா இல்லியா? போய் வெளிய உக்காரு.”

அதற்காக மட்டும் அன்று அவரைப் பிடித்திருந்தது. அது ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை.

படம் எடுக்க வேண்டும் என்றார். பெரிய மனிதர் முன்னால் போகிறோம் என்று நான் குழந்தைக்குப் பட்டுப் பாவாடை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, கண்ணுக்கு மை தீட்டி, நெற்றியில் பொட்டும் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டும் வைத்துக் கூட்டிவந்திருந்தேன். ஐயா தோளில் கிடந்த துண்டின் நுனியைச் சொம்புத் தண்ணீரில் நனைத்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழந்தையின் பொட்டைத் துடைத்தார். மையைத் துடைத்தார். தலைமுடியைக் கையால் கலைத்துவிட்டார். பாவாடையைக் கழற்றச் சொன்னார்.

“இதெல்லாம் இருந்தா புள்ள நல்லாக்கீற மாதிரி தெரியும்மா. எவன் உண்டியல்ல போடுவான்?”

சாவோடு போராடுகிற பிள்ளையின் பொட்டைப் பெற்றவள் கண்ணெதிரே அழித்தார். என் வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது. அன்று வாயை மூடிக்கொண்டு நின்றேன், ஏனென்றால் பிள்ளை உயிர் அவர் கையில் இருந்தது.

அந்தப் படம் கிரிவலப் பாதையில் நிருதி லிங்கத்துக்குப் பக்கத்தில் அவர் போடும் அன்னதானப் பந்தலில் ஆளுயரத்துக்கு நின்றது. வெற்று உடம்பு, உப்பிய வயிறு, மஞ்சள் கண். மலை சுற்ற வந்த ஜனம் அதைப் பார்த்து உச்சுக்கொட்டி உண்டியலில் போட்டது. ஆபரேஷனும் நடந்தது. சென்னையில் நாங்கள் இருந்தவரை அவர் வாராவாரம் பஸ் ஏறி வந்தார். வந்து ஆறுதலாக ஏதாவது சொன்னாரா என்றால் அதுவும் இல்லை. “அரிசி இருக்குதா? கை கழுவிட்டுதானே புள்ளயத் தொடுற?” என்று அதட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். நாங்கள் இருவரும் பிழைத்தோம். அவர் இல்லாமல் பிழைத்திருக்க மாட்டோம். இதை எழுதும்போது கை கூசவில்லை, ஆனால் இனிக்கவும் இல்லை.

அபி வளர்ந்தாள். படம் மட்டும் அப்படியே இருந்தது. வெயிலில் வெளுத்தால் புதிதாக அச்சடித்து மாட்டுவார். ஆறாம் வகுப்பில் தோழிகளோடு கிரிவலம் போனவள் அழுதுகொண்டு வந்தாள். பந்தலில் இருப்பது இவள் படம்தான் என்று கூட வந்த ஒருத்தி சொல்லிவிட்டாள். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ‘உண்டியல் பாப்பா’ என்று பெயர்.

மண்டிக்குப் போனேன். அவள் யூனிஃபார்மில் சிரித்துக்கொண்டிருக்கும் படம் ஒன்றை நீட்டி, பழசை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள் ஐயா, குணமாகிவிட்டாள் என்று ஜனங்களுக்கும் தெரியட்டும் என்றேன். கையில்கூட வாங்கவில்லை.

“கொணமான மொகத்துக்கு எவனும் போட மாட்டான்மா. அந்தப் போட்டோ எடுத்தா வசூல் கம்மியாவும். வர்ற புள்ளைங்களுக்கு யாரு பதில் சொல்றது, நீயா?”

பிறகு அந்த மாத மாத்திரைப் பையை எடுத்து என் முன்னால் வைத்தார். மிரட்டினார் என்று சொல்லமாட்டேன். வழக்கமாகக் கொடுக்கிற நாள்தான் அது. ஆனாலும் அந்தப் பைக்கு முன்னால் என்னால் மேலே பேச முடியவில்லை. உதவி வாங்கியவர்கள் ரோஷப்பட முடியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கொடுக்கிறவர்கள் எல்லோருக்குமே தெரியும்.

போன வருஷம் படத்தை எடுக்கச் சொல்லி அபி தானே போய்க் கேட்டாள். திரும்பி வந்தவளிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன். “மாத்திர வேளைக்கு சாப்புடுறியான்னாரும்மா. சாப்புடுறேன்னேன். சரி போன்னுட்டாரு” என்றாள்.

செய்தி வந்த அன்று அபியும் நானும் சாவு வீட்டுக்குப் போனோம். மண்டி வாசலில் கண்ணீர் அஞ்சலிப் பேனர் கட்டியிருந்தார்கள். மாலையோடு ஐயா, அவர் பக்கத்தில் அதே படம். எனக்குத் தாங்கவில்லை. பாடை கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் சங்கரிடம் போய், இங்கேயும் பந்தலிலும் அந்தப் படம் இனி இருக்கக் கூடாது என்றேன். அவர் தலையாட்டுவதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். செங்கத்துப் பக்கம், பெயர் ரேவதி. இடுப்பில் ஒரு பையன். அவன் கண்ணைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

“எடுக்கச் சொல்லாதீங்கக்கா. அடுத்த பௌர்ணமி வசூலு எங்களுக்குன்னு ஐயா சொல்லிக்கினு இருந்தாரு” என்றாள்.

“உன் புள்ள போட்டோவ மாட்டச் சொல்றதுதானே?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட வாய்க்குச் சூடு வைக்கலாம். அவள் பையனின் முகத்தை முந்தானையால் மூடினாள்.

அபிதான் சொன்னாள். “இந்தப் பையனுக்கு ஆபரேஷன் ஆவுற வரிக்கும் இருக்கட்டும்மா. இவன் போட்டோ வாணாம். அப்புறம் நானே கழட்டிடுறேன்.” சங்கரைப் பார்த்து, “பந்தல்ல நானும் நிப்பேண்ணா” என்றும் சொன்னாள். எனக்கு அவள் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. செத்தும் ஜெயித்துவிட்டாரே இந்த மனிதர் என்றுதான் இருந்தது.

பௌர்ணமி அன்று பொழுது சாயும் நேரம். அபி தன் படத்துக்குக் கீழேயே நின்று தொன்னையில் சாம்பார் சாதம் கொடுத்தாள். நான் பக்கத்தில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். போகிறவர்கள் படத்தைப் பார்த்தார்கள், உண்டியலைப் பார்த்தார்கள், அவளை ஒருவரும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. வெறுங்காலோடு வந்த ஒரு நடுத்தர வயதுக்காரர் உண்டியலில் போட்டுவிட்டு அவளிடம் மெதுவாகக் கேட்டார்.

“பாவம், இந்தக் கொயந்த இப்ப உசுரோட இருக்குதாம்மா?”

“இருக்குதுங்க. பத்தாவது படிக்குது. மாத்திர மட்டும் வேளைக்கு சாப்புடணும்” என்றாள் அபி.

அவர் படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு தொன்னையை என்னிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, சட்டைப் பைக்குள் மறுபடி கையை விட்டார்.

இத்தனை வருஷம் கொடுத்தவர்களிடம் நீங்கள் சொல்லாமல் வைத்திருந்த பதில் அதுதான் ஐயா. போய் வாருங்கள். வெறுங்காலோடு வந்தவர் பையில் இருந்ததையெல்லாம் எடுத்து உண்டியலில் போட்டுவிட்டுத்தான் நடந்தார்.