சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது எனக்கு நடந்தது. 2023 ஆகஸ்ட் பதினெட்டு, வெள்ளிக்கிழமை. நடுராத்திரியில் இல்லை. பட்டப்பகலில், மதுரையின் நட்டநடுவில், நாலு எட்டு வைத்தால் கடைவீதி இரைச்சல் கேட்கிற இடத்தில்.

என் பெயர் இஷ்ரத். கணவர் நஜீமுக்குத் தெற்கு மாசி வீதிப் பக்கம் சூட்கேஸ் கடை. கீழக்குயில்குடியிலிருந்து தினமும் வந்து போவது அவருக்குச் சிரமமாக இருந்தது. அதனால் ஜூலை கடைசியில் கடைக்குப் பக்கத்திலேயே ஒரு சந்துக்குள் வீடு பிடித்தோம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வீடு என்றார்கள். சந்து அவ்வளவு குறுகல். ஸ்கூட்டரை அணைத்துத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். பீரோவைக் கயிறு கட்டி மொட்டை மாடி வழியாக இறக்கினார்கள். இடது வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் நான் அடுப்பை அணைக்க ஓடுவேன். வலது வீட்டுக்காரர் தும்மினால் என் மகன் யாசீன் விழித்துக்கொள்வான். அவனுக்கு அப்போது எட்டு மாதம்.

பின்பக்கமும் ஒட்டின சுவர்தான். அதற்கு அந்தப் பக்கம் இருந்த கட்டடத்துக்கு வாசல் அடுத்த தெருவில். சுற்றிக்கொண்டு போக பத்து நிமிஷம் ஆகும். அந்தச் சுவரில், சமையல் மேடைக்கு நேர் மேலே, என் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில், சதுரமாக ஒரு ஓட்டை இருந்தது. ஒரு காலத்தில் இரண்டும் ஒரே வீடாம். அண்ணன் தம்பி பிரித்துக்கொண்டபோது நடுவில் சுவர் எழுப்பினார்களாம். சாமான் கைமாற்றிக்கொள்ள விட்ட ஓட்டையாக இருக்கும் என்றார் நஜீம்.

குடிவந்த மூன்றாம் நாள். அவர் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். மணி 2.10. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஓட்டை வழியாக ஒரு பெண் குரல்.

"புது ஆளா?"

எனக்குப் பயமே இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. பகலெல்லாம் தனியாக இருந்தவளுக்கு ஒரு பேச்சுத்துணை. தினமும் அதே 2.10. என்ன குழம்பு, தண்ணீர் வந்ததா, பிள்ளை தூங்கினானா என்று கேட்பாள். மெதுவான குரல்... தொண்டையில் ஈரம் கட்டியது போல. பெயர் கேட்டால் மட்டும் சொல்ல மாட்டாள். சிரிப்பாள். சில நாள் அவள் பின்னால் ஒரு சின்னப் பெண்பிள்ளையின் மழலையும் கேட்கும்; அவள் மகள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் ஒருநாள் சொன்னாள், யாசீனுக்குக் கீழ்ப் பல் இரண்டு முளைத்துவிட்டதே என்று. நானும் ஆமாம் என்றேன். சாயங்காலம் துணி மடிக்கும்போதுதான் உறைத்தது.

அவன் முன்னறைத் தொட்டிலில் இருந்தான். ஓட்டையிலிருந்து பார்த்தால் முன்னறை தெரியாது.

நஜீமிடம் சொன்னேன். நீயே பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு மறந்திருப்பாய் என்றார்.

மறுநாளிலிருந்து அவள் ஒன்றையே கேட்டாள்.

"ஒரு தடவ தூக்கிக் காட்டேன்."

தூங்குகிறான் என்பேன். குளிப்பாட்ட வேண்டும் என்பேன். அவள் கோபப்படவில்லை. அதற்கென்ன, நாளைக்கு என்பாள்.

யாசீன் அந்த ஓட்டையைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தான். குரல் வராத நேரத்திலும்...

அந்த வெள்ளிக்கிழமை நஜீம் ஜும்மாவுக்குப் பள்ளிவாசல் போயிருந்தார். மணி 1.20. கரண்ட் இல்லை. சந்தே அடங்கிக் கிடந்தது. விசில் சத்தம் இல்லை. தும்மல் இல்லை. யாசீனைச் சேலைத் தொட்டிலில் போட்டு ஆட்டிவிட்டு, வாசல் குழாயில் ஒரு குடம் தண்ணீர் பிடிக்கப் போனேன். இரண்டு நிமிஷம்கூட இருக்காது.

திரும்பி வந்தால்...

தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. பிள்ளை இல்லை.

சமையலறையில் 'களுக்' என்று அவன் சிரிப்புச் சத்தம்.

ஓடினேன். யாசீன் சுவரோடு ஒட்டி இருந்தான். வலது கை தோள்வரை ஓட்டைக்குள்.

கால் இரண்டும் மேடையைத் தொடவில்லை.

அந்தரத்தில் தொங்கினான்.

மேடை மேல் ஏறி அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தேன்.

வரவில்லை.

அந்தப் பக்கமிருந்து யாரோ இழுத்தார்கள்.

"பாத்துட்டுத் தாரேன்..."

குரல் ஓட்டையிலிருந்து வரவில்லை. என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

பிஸ்மில்லா... பிஸ்மில்லா...

விட்டது.

வெறுங்காலோடு சந்து முனைக்கு ஓடினேன். அங்கே பூக்கட்டிக்கொண்டிருந்த முத்துத்தாய் அக்காதான் பிள்ளையை வாங்கிக்கொண்டார். அவன் மணிக்கட்டைச் சுற்றிச் சிவந்திருந்தது. தொட்டால் சில்லென்று ஈரம்.

தொழுகை முடிந்து நஜீம் வந்ததும், பிள்ளையை அக்காவிடமே விட்டுவிட்டு, இருவரும் அடுத்த தெருவுக்குச் சுற்றிப் போனோம். அது வீடே இல்லை. பிளாஸ்டிக் சாமான் குடோன். காவலுக்கு இருந்த வீரணன் என்ற பெரியவர் பூட்டைத் திறந்துவிட்டார். பின்சுவர் வரைக்கும், கூரை உயரத்துக்கு அட்டைப்பெட்டிகள். நஜீம் கெஞ்சிக் கேட்டுப் பத்துப் பதினைந்து பெட்டிகளை நகர்த்தினார். பின்னால் சுண்ணாம்பு பூசிய வெறும் சுவர். விரிசல்கூட இல்லை.

"எங்க பக்கம் ஓட்டையே கெடையாதே தம்பி. ஆறு வருசமா இங்கதான கெடக்கேன்" என்றார் வீரணன்.

வீட்டுக்குத் திரும்பி, நஜீம் ஒட்டடைக் கம்பை எங்கள் பக்கத்து ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தார். ஏழடிக் கம்பு. சுவரின் கனம் ஒன்றரை அடி இருக்கும்.

கம்பு முழுவதும் உள்ளே போனது. எதிலும் முட்டவில்லை.

அதை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"சாமானக் கட்டு."

அன்று மாலையே கீழக்குயில்குடிக்குத் திரும்பிவிட்டோம். யாசீன் நன்றாக இருக்கிறான்.

ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. இரண்டு மாதம் கழித்து, வீடு பிடித்துக் கொடுத்த புரோக்கரை நச்சரித்து, எங்களுக்கு முன்னால் அங்கே குடியிருந்தவர்களின் நம்பரை வாங்கினேன். அவர்கள் காலி செய்த பிறகு வீடு இரண்டு வருஷம் பூட்டிக் கிடந்ததாம். அந்தப் பெண்ணின் பெயர் நுஸைபா. இப்போது வாடிப்பட்டியில் இருக்கிறாள். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேசவில்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். பிள்ளையைத் தூக்கிக் காட்டினீர்களா?

இல்லை என்றேன்.



"நான் காட்டிட்டேன். ஒரே ஒரு தடவ. அப்ப எம்மகளுக்குப் பதினொரு மாசம். அத்தா, அம்மான்னு சொல்லத் தொடங்கியிருந்தா. இப்ப மூணு வயசு முடிஞ்சுருச்சு. அன்னைக்கு நின்ன பேச்சு இன்னும் வரல. காட்டாத டாக்டர் இல்ல. ஒரு குறையும் இல்லைங்கிறாங்க."

பிறகு அவளே கேட்டாள்.

"நீங்க இருந்தப்ப... சுவத்துக்கு அந்தப் பக்கம் சின்னப் பொம்பளப்புள்ள பேசுற சத்தம் எதுவும் கேட்டுச்சா?"

இல்லை என்று பொய் சொன்னேன்.